நாற்பது வருஷம் கழித்து வரும் புற்றுநோய்: மீசோதெலியோமா என்றால் என்ன?

போன சித்திரையில் எங்கள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் பழைய கூரையைப் பிரித்துவிட்டுப் புதுசு போட்டார்கள். இருபது வருஷத்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஜே போல்ட் எல்லாம் துருப்பிடித்துக் கழற்ற வரவில்லை. வேலைக்கு வந்த இரண்டு தம்பிகளும் சுத்தியலால் தட்டித் தட்டி ஷீட்டை உடைத்தே எடுத்தார்கள். அப்புறம் புது ஷீட்டை அளவுக்கு வெட்டக் கட்டிங் மெஷினை வைத்ததும் வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. எங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிமேல் கோலமாவு தூவியதுபோல் படிந்துவிட்டது. அந்தத் தம்பிகளின் புருவம், காது மடல், சட்டைக் காலர் எல்லாம் வெள்ளை.

"தம்பி, இந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாதுப்பா" என்றேன். "வெறும் சிமெண்ட் தூசிதான்க்கா, குளிச்சா போயிடும்" என்றார் ஒருவர். இருபத்திரண்டு வயசு இருக்கும்.

அவர் சொன்னதில் பெரும்பகுதி சரிதான். அந்த ஷீட்டில் பத்தில் ஒன்பது பங்கு சிமெண்ட். மிச்சம் ஒரு பங்குதான் ஆஸ்பெஸ்டாஸ். அது குளித்தால் போகாது. உள்ளே போனதில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். யாரோ ஒருவருக்கு முப்பது, நாற்பது வருஷம் கழித்து அது ஒரு புற்றுநோயாக வெளிப்படும். அந்த நோயின் பெயர் மீசோதெலியோமா. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் விஷயம் அவ்வளவு கஷ்டமில்லை.

கல்லில் உரித்த நார்

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். நடக்காத காரியத்தைச் சொல்ல 'கல்லில் நார் உரிக்கிறான்' என்போம். ஆனால் நிஜமாகவே நார் உரிக்க வருகிற கல் இது. சுரங்கத்திலிருந்து எடுத்த கல்நார்க் கல்லை நகத்தால் சுரண்டினாலே பஞ்சுபோல் இழை இழையாகப் பிரியும். நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், கயிறாகத் திரிக்கலாம். ஆனாலும் அது கல். தீப்பிடிக்காது, மட்காது, கரையான் அரிக்காது. விலையும் மலிவு.

இதெல்லாம் ஒரே பொருளில் கிடைத்தால் விடுவார்களா? 1901-ல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் என்பவர் சிமெண்டோடு கல்நாரைக் கலந்து மெல்லிய தகடாக வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் ஊரில் தலைக்குமேல் இருக்கும் ஷீட்டின் பூர்வீகம் அதுதான். கூரை தவிர பாய்லர், நீராவிக் குழாய், கப்பலின் இயந்திர அறை, ரயில் பெட்டி, லாரியின் பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், கேஸ்கெட், தீயணைப்புப் போர்வை என்று சூடு இருக்கும் இடமெல்லாம் கல்நார் போனது.

கல்நார் என்று பொதுவாகச் சொன்னாலும் இது ஆறு கனிமங்களின் குடும்பப் பெயர். வணிகத்தில் அதிகம் புழங்கியவை மூன்று. வெள்ளைக் கல்நார், அதாவது கிரிசோடைல், சுருண்ட இழை. பழுப்புக் கல்நார் அமோசைட்டும், நீலக் கல்நார் குரோசிடோலைட்டும் நேராக ஊசிபோல் இருக்கும். இந்த நோயை உண்டாக்குவதில் ஊசி இழைகள், அதிலும் நீலம், மிகவும் மோசம். வெள்ளை அவ்வளவு மோசமில்லை என்பதை வைத்து அது பாதுகாப்பானது என்று சொல்கிற ஒரு வாதம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும், வெள்ளை உட்பட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது.

நோய் வருகிற இடம்

ஆட்டு நெஞ்செலும்பு வாங்கிவந்து கழுவியிருக்கிறீர்களா? எலும்பின் உட்பக்கத்தில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வு பளபளவென்று ஒட்டியிருக்கும். விரலால் உரித்தால் வழுக்கிக்கொண்டு வரும். நம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் அதே சவ்வு இருக்கிறது. விலா எலும்பின் உட்பக்கத்தை ஒரு அடுக்கும், நுரையீரலின் வெளிப்பக்கத்தை இன்னொரு அடுக்கும் மூடியிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு தேக்கரண்டி நீர்தான் இருக்கும். நாம் மூச்சுவிடும்போது நுரையீரல் விலாவில் உரசாமல் வழுக்கிக்கொண்டு விரிந்து சுருங்குவது இந்த ஏற்பாட்டால்தான். இதே மாதிரி உறை குடலைச் சுற்றியும் இருக்கிறது, இதயத்தைச் சுற்றியும் இருக்கிறது, ஆண்களுக்கு விதைப்பையிலும் இருக்கிறது. இந்த உறைகளின் மேற்புறத்தில் ஒற்றை வரிசையாகப் பதிந்திருக்கும் செல்களுக்கு மீசோதெலியம் என்று பெயர். அதில் வரும் புற்றுநோய் மீசோதெலியோமா.

நான்கில் மூன்று பங்குக்கு மேல் இது நுரையீரல் உறையில்தான் வருகிறது. அடுத்தது வயிற்று உறை. மற்ற இடங்களில் மிக மிக அபூர்வம்.

இதை நுரையீரல் புற்றுநோய் என்று சொல்வது தவறு. அது நுரையீரலுக்குள்ளே மூச்சுக்குழாய்களிலும் காற்றறைகளிலும் தொடங்குவது. இது வெளியே, உறையில் வருவது. பெரும்பாலும் ஒரே கட்டியாகவும் இருக்காது. உறை முழுக்கச் சின்னச்சின்னப் புள்ளிகளாக ஆரம்பித்து, பரவிச் சேர்ந்து, கடைசியில் நுரையீரலைச் சுற்றிக் கெட்டியான தோலாகப் போர்த்திவிடும். உள்ளே இருக்கும் நுரையீரல் நன்றாகவே இருந்தாலும் விரிய இடமிருக்காது.

கல்நார் நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கும், அஸ்பெஸ்டோசிஸ் என்ற நுரையீரல் தழும்பு நோயையும் உண்டாக்கும். மூன்றும் வேறு வேறு. சிகரெட் விஷயத்தில் இந்த வித்தியாசம் முக்கியம். சிகரெட் மீசோதெலியோமாவை உண்டாக்குவதில்லை. பீடி, சிகரெட் தொடாத ஆளுக்கும் இது வரும். ஆனால் கல்நார் வேலை பார்த்தவர் புகையும் பிடித்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து எகிறிவிடும். அமெரிக்காவில் குழாய்களுக்குக் கல்நார் உறை போட்ட தொழிலாளர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து 1979-ல் வெளியிட்ட ஆய்வில், கல்நார் மட்டும் இருந்தால் ஐந்து மடங்கு, புகை மட்டும் இருந்தால் பதினோரு மடங்கு, இரண்டும் சேர்ந்தால் ஐம்பது மடங்குக்கு மேல் என்று வந்தது. கல்நாரில் வேலை பார்த்த யாராவது இன்னும் புகைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே நிறுத்தச் சொல்ல இந்த ஒரு கணக்கு போதும்.

ஒரு இழை என்ன செய்யும்?

தலைமுடியின் பருமன் ஐம்பதிலிருந்து நூறு மைக்ரான் இருக்கும். ஆபத்தான கல்நார் இழையின் பருமன் ஒரு மைக்ரான்கூட இருக்காது. கண்ணுக்குத் தெரியாது, இருமல் வராது, நாற்றமும் இல்லை. பக்கத்து வீட்டு மாடியில் நான் பார்த்த வெள்ளைப் புகை பெரும்பாலும் சிமெண்ட்தான். இழைகள் அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். புகை அடங்கிய பிறகும் அவை பல மணி நேரம் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

மூச்சோடு உள்ளே போனவற்றில் பல இழைகளைச் சளி வெளியே தள்ளிவிடும். ஆழமாகப் போய்விட்டவற்றைச் சமாளிக்க நுரையீரலில் விழுங்கு செல்கள் உண்டு. கிருமி, தூசி எது வந்தாலும் சுற்றி வளைத்து விழுங்கிக் கரைப்பது அவற்றின் வேலை. ஆனால் நீளமான கல்நார் இழை அந்தச் செல்லையே விட நீளம். மீன் முள் தொண்டையில் குறுக்கே நின்றால் எப்படியோ அப்படித்தான் அந்தச் செல்லின் நிலைமை. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. கிருமியைக் கொல்ல வைத்திருந்த காரசாரமான ரசாயனங்களெல்லாம் வெளியே கசிந்து பக்கத்துச் செல்களைப் புண்ணாக்கும். அந்த விழுங்கு செல் செத்தால் அடுத்தது வந்து அதே இழையோடு மல்லுக்கட்டும். இழையோ லேசில் கரைவதில்லை.

சில இழைகள் மெல்ல நகர்ந்து நுரையீரலின் ஓரம் வரை போய் உறையில் தைத்துக்கொள்ளும். அங்கே வருஷக்கணக்கில் ஆறாத அழற்சி. புண்ணான இடத்தை ஈடுகட்டச் செல்கள் பிரிந்துகொண்டே இருக்க, டிஎன்ஏவில் ஒவ்வொரு பிழையாகச் சேரும். செல் பெருக்கத்துக்குப் பிரேக் போடும் மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகும். அந்தப் பிழைகள் போதுமான அளவு சேர்வதற்குத்தான் இத்தனை காலம். பெரும்பாலும் முப்பது, நாற்பது வருஷம். இருபதிலும் வரலாம், ஐம்பது தாண்டியும் வரலாம்.

பயந்துவிட வேண்டாம். கல்நார்த் தூசியைச் சுவாசித்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. எவ்வளவு தூசி, எத்தனை வருஷம், எந்த வகை, எந்த வயதில் என்பதைப் பொறுத்து ஆபத்து ஏறும், இறங்கும். பிஏபி1 என்ற மரபணுவில் பிறவியிலேயே குறை உள்ள குடும்பங்களில் ஆபத்து அதிகம் என்று 2011-ல் கண்டுபிடித்தார்கள். ஆனால் இந்த அளவுக்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று யாராலும் ஒரு கோடு போட முடியவில்லை.

கிம்பர்லியின் மேற்குத் திசை

இந்த நோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்குக் காட்டிய கதை தென்னாப்பிரிக்காவில் நடந்தது. நம் ஊர் மருத்துவமனைகளுக்கு அது மிகவும் நெருக்கமான கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1950-களில் கிம்பர்லி நகரில் ஒரு காசநோய் மருத்துவமனை. அங்கே சி.ஏ. ஸ்லெக்ஸ் என்ற மருத்துவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். நெஞ்சில் நீர் கோத்து வரும் நோயாளிகளுக்கு டிபி என்று மருந்து கொடுத்தால், கிழக்கிலிருந்து வந்தவர்கள் தேறினார்கள். மேற்கிலிருந்து வந்தவர்களில் பலருக்கு மருந்து கேட்கவே இல்லை. அதே நீர், அதே எக்ஸ்ரே, அதே மருந்து. ஊர் மட்டும்தான் வேறு.

அதே காலத்தில், 1956-ல், கிறிஸ் வாக்னர் என்ற இளம் நோய்க்குறியியலாளர் காசநோயால் இறந்ததாக நினைக்கப்பட்ட ஒருவரின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தார். நெஞ்சின் ஒரு பக்கம் முழுக்கப் பிசுபிசுவென்று ஒரு கட்டி. டிபியின் அடையாளம் இல்லை. நுரையீரல் திசுவில் இரும்புப் பூச்சு பூசிய கல்நார் இழைகள் தெரிந்தன. கிம்பர்லிக்கு மேற்கே இருப்பது எது என்று பார்த்தால் கல்நார் மலை. ஆங்கிலேயர்கள் அந்த மலைக்கே அப்படித்தான் பெயர் வைத்திருந்தார்கள். அங்கே நீலக் கல்நாரைப் பல பத்து வருஷங்களாக வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாக்னர், ஸ்லெக்ஸ், நெஞ்சு அறுவை மருத்துவர் பால் மார்ச்சண்ட் மூவரும் சேர்ந்தார்கள். ஒவ்வொரு நோயாளியிடமும் அவர் குடும்பத்திடமும் போய், 'எங்கே பிறந்தீர்கள், சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள், என்ன வேலை பார்த்தீர்கள்' என்று கேட்டார்கள். 1960-ல் வெளியான அவர்கள் கட்டுரையில் 33 நோயாளிகள். 22 ஆண்கள், 11 பெண்கள். ஒருவரைத் தவிர மற்ற 32 பேருக்கும் நீலக் கல்நாரோடு தொடர்பு இருந்திருக்க வாய்ப்பு உண்டு என்று தெரிந்தது.

இதில் என்னை உலுக்கியது எண்ணிக்கை இல்லை. அந்தப் பட்டியலில் இருந்த எல்லோரும் சுரங்கத் தொழிலாளிகள் இல்லை. வீட்டோடு இருந்த பெண்கள் இருந்தார்கள், மாடு மேய்த்தவர்கள் இருந்தார்கள், ஒரு கணக்காளர்கூட இருந்தார். சிறுவயதில் சுரங்கத்துப் பக்கத்தில் குடியிருந்தவர்கள், கல்நார்க் கழிவு மேட்டில் சறுக்கி விளையாடியவர்கள். அங்கிருந்து கிளம்பி எங்கெங்கோ போய், வேறு வேலை பார்த்து, அந்த ஊரையே மறந்துபோன பிறகு நோய் வந்தது.

அடுத்து லண்டன். 1965-ல் மியூரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் 76 நோயாளிகளின் பழைய வாழ்க்கையைத் தோண்டிப் பார்த்தார்கள். அதில் ஒன்பது பேர் கல்நார்ப் பக்கமே போகாதவர்கள், ஆனால் கல்நார்த் தொழிலாளி ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள். கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவிமார் அதில் உண்டு. சாயங்காலம் வீடு திரும்பிய மனிதரின் சட்டையை உதறியது மட்டும்தான் அவர்கள் செய்தது. இன்னும் 11 பேர் கல்நார் தொழிற்சாலைக்கு அரை மைலுக்குள் குடியிருந்தவர்கள்.

நான் அன்றைக்குக் கொடியிலிருந்த துணியை உதறாமல் அப்படியே எடுத்துத் தண்ணீரில் முக்கியது இதைப் படித்திருந்ததால்தான்.

நெஞ்சில் நீர் கோத்தால்

மீசோதெலியோமாவின் முதல் அறிகுறி பெரும்பாலும் மூச்சு வாங்குவது. மாடிப்படி ஏறினால் இளைக்கும், அப்புறம் தட்டையாகப் படுக்க முடியாது. நெஞ்சில் ஒரு பக்கம் மந்தமான வலி, சிலருக்கு அது தோள்பட்டைக்கும் ஏறும். வறட்டு இருமல், உடல் மெலிவு, அசதி. எக்ஸ்ரே எடுத்தால் ஒரு பக்கம் வெள்ளையாக நீர் நிற்கும். வயிற்று உறையில் வந்திருந்தால் வயிறு உப்பும், பசி போகும்.

இந்தியாவில் நெஞ்சில் நீர் என்றதும் டாக்டர்கள் டிபியைத்தான் முதலில் நினைப்பார்கள். அதில் தப்பே இல்லை, இங்கே அதுதான் அதிகம். நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள், டிபி மருந்து தொடங்குவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் நீர் மறுபடி மறுபடி கோத்தால், எடை குறைந்துகொண்டே போனால், ஸ்லெக்ஸ் கேட்ட கேள்வியை நாமும் கேட்க வேண்டும். அந்த மனிதர் எந்தத் திசையிலிருந்து வந்தார்?

நீரைச் சோதிப்பதால் மட்டும் மீசோதெலியோமாவைப் பெரும்பாலும் உறுதி செய்ய முடியாது. சிடி ஸ்கேனில் உறை தடித்திருப்பது தெரியும். உறுதி செய்ய உறையிலிருந்தே ஒரு துண்டு எடுக்க வேண்டும். நெஞ்சில் சின்னத் துளை போட்டுக் கேமரா குழாயை விட்டு, உறையை நேரில் பார்த்து எடுக்கும் பயாப்ஸிதான் நல்லது. எடுத்த துண்டைச் சாதாரணமாகப் பார்த்தால் நுரையீரல் புற்றுநோய் உறைக்குப் பரவியதுபோலவே தெரியலாம். அதனால் சிறப்புச் சாயங்கள் போட்டுப் பிரித்தறிவார்கள். இந்த வசதியெல்லாம் எல்லா ஊரிலும் இல்லை. நம் நாட்டில் இந்த நோயின் பெயர் அதிகம் கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தேடாமல் எப்படித் தட்டுப்படும்?

பயாப்ஸி ரிப்போர்ட்டில் மூன்று வகைகளில் ஒன்றைப் போட்டிருப்பார்கள். எபிதீலியாய்டு என்றால் மூன்றிலும் கொஞ்சம் மெதுவாகப் போவது, அதிகம் பேருக்கு வருவதும் அதுதான். சார்கமடாய்டு வேகமானது. இரண்டும் கலந்திருந்தால் பைபேசிக். இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் டாக்டர் அடுத்துப் பேசுவார்.

சிகிச்சை பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நுரையீரல் உறை மீசோதெலியோமாவைப் பெரும்பாலும் முழுசாகக் குணப்படுத்த முடிவதில்லை. நாளை நீட்டிக்க முடியும், மூச்சுத்திணறலையும் வலியையும் நன்றாகக் குறைக்க முடியும். சிஸ்பிளாட்டின் மருந்தோடு பெமெட்ரெக்செட் சேர்த்துக் கொடுத்தால், நோயாளிகளில் பாதிப் பேர் தாண்டும் காலம் சுமார் ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாகக் கூடுகிறது என்று 2003-ல் நிரூபித்தார்கள். அதன் பிறகு நோயெதிர்ப்பு சக்தியைத் தூண்டும் நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது அது பதினெட்டு மாதம் வரை வந்தது. 2020-ல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. விலைதான் நம் குடும்பங்களுக்கு எட்டாக்கனி. உறையை உரித்தெடுக்கும் பெரிய அறுவை சிகிச்சை ஒரு காலத்தில் நம்பிக்கையோடு செய்யப்பட்டது. 2024-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், கீமோ மட்டும் எடுத்தவர்களைவிட அறுவையும் சேர்த்துச் செய்தவர்கள் நன்றாக இல்லை என்று தெரிந்தது. ஆகவே 'ஆபரேஷன் செய்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் இரண்டாவது டாக்டரையும் கேளுங்கள். வயிற்று உறையில் வருவது வேறு கதை. அங்கே கட்டிகளை அகற்றிவிட்டுச் சூடான கீமோ மருந்தால் வயிற்றறையைக் கழுவும் சிகிச்சையில், தகுதியான நோயாளிகள் பல வருஷம் வாழ்கிறார்கள்.

மாதக் கணக்கைக் கேட்டு இடிந்துபோகிறவர்களுக்காக ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க உயிரியலாளரைச் சொல்ல வேண்டும். 1982-ல் அவருக்கு வயிற்று உறை மீசோதெலியோமா என்றார்கள். நூலகத்தில் போய்ப் படித்தால் நோயாளிகளில் பாதிப் பேர் தாண்டும் காலம் எட்டு மாதம் என்று இருந்தது. கணக்குத் தெரிந்தவர் அவர். பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் போகிறார்கள் என்றால் மீதிப் பாதி அதற்கு மேல் இருக்கிறார்கள், அதில் சிலர் ரொம்ப நாள் இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். இருபது வருஷம் வாழ்ந்து, 2002-ல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது. ஆனால் டாக்டர் சொல்லும் மாதக் கணக்கு உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ குறித்த நாள் இல்லை.

மூச்சுத்திணறலுக்கு நெஞ்சு நீரை வடிப்பது, மறுபடி கோக்காமல் இருக்க மருந்துத் தரத் தூள் தூவி இரண்டு உறைகளையும் ஒட்டவைப்பது, அல்லது வீட்டிலேயே வடித்துக்கொள்ள மெல்லிய குழாய் வைப்பது என்று வழிகள் உண்டு. வலி நிவாரணச் சிகிச்சையைக் கடைசி நேரத்துக்கு என்று தள்ளிவைக்காமல் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்க வேண்டும்.

நம் பக்கத்து நிலவரம்

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. பிரிட்டனில் கடைசி வகையான வெள்ளைக் கல்நாருக்கு 1999-ல் தடை வந்தது. இன்னும் அங்கே வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மீசோதெலியோமாவால் இறக்கிறார்கள். 1960, 70-களில் சுவாசித்ததன் பலன் இப்போது வந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு நாம் சுவாசிப்பதன் கணக்கு 2060-களில் வரும்.

இந்தியாவில் கல்நார்ச் சுரங்கக் குத்தகையைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஜார்க்கண்டின் ரோரோ மலையில் 1983-ல் கைவிடப்பட்ட சுரங்கத்தின் கழிவு மலைச்சரிவிலேயே கிடக்கிறது. ஆனால் இறக்குமதிக்குத் தடை இல்லை. ரஷ்யாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வெள்ளைக் கல்நார் வருகிறது, பெரும்பாலும் கூரை ஷீட்டுக்குத்தான். தோண்டினால் ஆபத்து என்று தெரிந்த பொருளை வாங்கி வெட்டினால் மட்டும் ஆபத்தில்லையா? இதற்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

இலங்கையில் 2018-லிருந்து கல்நார் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்துவதாக முடிவெடுத்திருந்தார்கள். 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாள்களுக்குள் இலங்கை தன் கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது. தேயிலைக்கு வழி திறந்தது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் கைகளின் வருமானமும், அந்த நாட்டு மக்கள் தலைக்குமேல் இருக்கும் கல்நார் ஷீட்டும் ஒரே பேரத்தில் வந்து நின்றன.

நம் சட்டத்தில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. 1995 ஜனவரி 27-ல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 வருஷம், அல்லது வேலையை விட்டு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை முதலாளி வைத்திருக்க வேண்டும். நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு என்றும் சொன்னது. நாற்பது வருஷம் என்பது இந்த நோயின் கணக்கைப் புரிந்து போட்ட கெடு. ஆனால் தினக்கூலிக்கு ஷீட் வெட்டும் தம்பிக்கு எந்த முதலாளி, எந்தப் பதிவேடு?

கூரை உங்கள் வீட்டில் இருந்தால்

ஷீட் விரிசல் இல்லாமல் இருக்கும்போது இழைகள் சிமெண்டில் கெட்டியாகப் பிடித்திருக்கும். அதன்கீழ் குடியிருப்பதால் மட்டும் பதற வேண்டாம். பணமில்லாத குடும்பம் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு மழையில் நிற்க முடியாது, அப்படி நிற்கச் சொல்பவன் நல்ல ஆலோசகனும் இல்லை. ஆபத்து வெட்டுவது, துளை போடுவது, உடைப்பது, தேய்ப்பதில் இருக்கிறது. பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டாதீர்கள். வெள்ளையடிப்பதற்கு முன் உப்புத்தாள் போடாதீர்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் ஷீட்டை நன்றாக நனையுங்கள். போல்ட்டை அறுத்து, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். மேலிருந்து போடவிடாதீர்கள். வேலை செய்பவருக்கு நீங்களே கல்நார்த் தூசிக்கு ஏற்ற எஃப்எஃப்பி3 அல்லது பி100 தர முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். மூக்கில் கட்டும் துண்டு, கைக்குட்டை எதுவும் இந்த இழையைத் தடுக்காது. விழுந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கட்டிப் போட்டுவிடுங்கள். குழந்தைகளை அன்றைக்கு வேறு வீட்டில் விடுங்கள். உடைந்த துண்டுகளைப் பாதையில் கொட்டி மிதிக்கவிடாதீர்கள். புதுசு போடும்போது கல்நார் இல்லாத ஃபைபர் சிமெண்ட் ஷீட்டோ, கலர் ஷீட்டோ, ஓடோ பாருங்கள். கலர் ஷீட் வெயிலில் கொதிக்கும் என்பது உண்மைதான், அடியில் ஒரு தட்டி அடித்தால் கொஞ்சம் தாங்கும்.

எங்கள் சித்தப்பா 1978-லிருந்து 1991 வரை ஒரு சர்க்கரை ஆலையின் பாய்லர் பகுதியில் இருந்தார். நீராவிக் குழாயில் சுற்றிய கல்நார்க் கயிறு இற்றுப்போனால் பிய்த்தெடுத்துப் புதுசு சுற்றுவது அவர் வேலை. அரவை இல்லாத மாதங்களில் நாள் முழுக்க அதே வேலை. பிய்த்த பஞ்சை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடுவார்களாம். "வெள்ளையா, மெத்துன்னு இருக்கும்மா, இலவம்பஞ்சு மாதிரி" என்று விரலைத் தேய்த்துக் காட்டினார். அவருக்கு இப்போது எழுபத்தொன்று. கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறார், காலையில் நடக்கப் போகிறார். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் காட்டுகிற அவர் மருத்துவமனை ஃபைலில் பெயர், வயது, ரத்த வகை எல்லாம் இருந்தது. என்ன வேலை பார்த்தார் என்று எழுத இடமே இல்லை. போன மாதம் முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்தேன்: '1978–1991, பாய்லர், கல்நார்க் கயிறு.' அடுத்த முறை போனபோது டாக்டர் அதைப் படித்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவர் முதுகில் வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கேட்டார்.